விதவைகளுக்குச் சேலை கொடுக்கும் ஞாயிறு: மேடையும் புகைப்படமும் இல்லாமல் முடியாதா?

தேரிக்காடு எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருச்செந்தூர்ப் பக்கத்துச் சேகரம் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) ஒன்றில் ஏழைகள் நிதியைக் கவனிக்கும் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு வந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விதவைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பார்கள். ஒவ்வொருவராக முன்னால் வர வேண்டும். கொடுப்பவர் சேலையின் ஒரு ஓரத்தையும் வாங்குபவர் மறு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்க, புகைப்படக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொல்வார். மாலைக்குள் அந்தப் படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள்.

இந்த ஆண்டு இது வேண்டாம் என்று கமிட்டியில் சொன்னேன். சேலைக்குப் பணம் தந்தவர்கள் மனவருத்தப்படுவார்கள் என்றார் ஒருவர். பொருள் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததற்கு வேறு என்ன சாட்சி என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்ற வசனம் எங்கள் கமிட்டியில் எல்லாருக்கும் மனப்பாடம். அதை நடத்திக் காட்டுகிற வழிதான் எனக்குத் தேவை. உங்கள் சபைகளில், கத்தோலிக்கப் பங்குகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

---

வெளிச்சம்77 எழுதியது:

சகோதரரே, நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு சபையின் பொருளாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன். இரகசியமாகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, கமிட்டிக்காரர்களின் உறவினர்களுக்கே நிதி போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேடையில் கொடுத்தால் ஊரே பார்க்கும், ஏமாற்ற முடியாது.

ஆதித் திருச்சபையின் முதல் சண்டையே இதில்தான் வந்தது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அன்றாட விசாரணையில், அதாவது தினசரிப் பங்கீட்டில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்குப் பணம் திரட்டிய பவுலும் அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது என்று தன் உடன் ஊழியர் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் எழுதுகிறார். அந்தரங்கம் என்ற பெயரில் கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள்.

---

பூவரசு எழுதியது:

இந்தக் களத்தில் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவள் நான். தேரிக்காடு அண்ணன் எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வரிசையில் நின்ற ஒரு விதவையின் மகள் நான். அப்பா இறந்தபோது ஐந்தாம் வகுப்பு படித்தேன். அம்மா பீடி சுற்றி எங்களை வளர்த்தார்கள். வருடா வருடம் அம்மாவின் பெயரை வாசிப்பார்கள். பெயருக்கு முன்னால் "ஏழை விதவை" என்ற அடைமொழியும் வரும். அந்தச் சேலையை அம்மா கோயிலுக்குக் கட்டிக்கொண்டு வந்ததே இல்லை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் வாங்குவார்கள். அதைக் கட்டினால் தர்மச் சேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வீட்டில் மட்டும் கட்டுவார்கள்.

அதே சபையில் ஓர் ஆசிரியை இருந்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் எனக்கும் தம்பிக்கும் நோட்டுப் புத்தகங்கள் வாங்குவார்கள். எங்களிடம் தரமாட்டார்கள். அவர்கள் மகளுக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் எங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுவார்கள். நாங்கள் கடைக்குப் போனால் மற்றப் பிள்ளைகளைப் போல வாங்கிக்கொண்டு வருவோம். இதை அம்மா எனக்குச் சொன்னதே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். சேலை கொடுத்தவர்களில் ஒருவர் பெயரும் எனக்கு நினைவில்லை. அந்த டீச்சரின் பெயரைத்தான் என் மகளுக்கு வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் கமிட்டிக்காரர்களின் நேர்மைக்கு என் அம்மாவின் முகம் எதற்கு இரசீதாக வேண்டும்?

---

பனையோலை எழுதியது:

தங்கச்சி பூவரசு, உன் அம்மா நன்றாக இருக்கிறார்களா? இருந்தால் என் அன்பைச் சொல்.

எங்கள் ஊர் நாசரேத் பக்கம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்து உண்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் கலயத்தைச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவோம். யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று எழுதுவதில்லை. எல்லாம் ஒரே சாக்கில் விழுந்துவிடும். புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்துதான் கிடக்கும். அதில் ஒரு பங்கு ஊழியத்துக்குப் போகும். மீதி ஊரில் அடுப்பு எரியாத வீட்டுக்குப் போகும்.

இதில் ஒரு விசேஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிடியரிசி வாங்குகிற வீட்டுப் பெண்ணும் தன் வீட்டில் கலயம் வைத்திருப்பாள். தன்னால் முடிந்த வாரம் அவளும் கொண்டுவந்து கொட்டுவாள். அதனால் கொடுக்கிறவர் பட்டியல், வாங்குகிறவர் பட்டியல் என்று இரண்டு எங்கள் சங்கத்தில் உண்டாகவே இல்லை. மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்திலும் உதாரத்துவமாய்க் கொடுத்ததைப் பவுல் புகழ்கிறார் அல்லவா? ஏழைகளுக்கும் கொடுக்கிற பாக்கியம் வேண்டும். உங்கள் சேலை ஞாயிறு அதை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறது என்பதுதான் என் பெரிய வருத்தம்.

---

மலைநாட்டு வாத்தியார் எழுதியது:

பனையோலை அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஐஸ்வால் நினைவு வந்துவிட்டது. பணி நிமித்தமாக மிசோரத்தில் இருந்தேன். அங்கே பிரஸ்பிட்டேரியன் சபையார் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேளையும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கிறார்கள். பெண்கள் அதை வீடு வீடாகச் சேகரித்து, விற்று, அந்தப் பணத்தைச் சபையின் ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். சிறிய மலை மாநிலம். பெரும் பணக்காரர் என்று அதிகம் பேர் இல்லை. ஆயினும் அவர்கள் அனுப்பிய ஊழியர்கள் வெளிமாநிலங்களிலும் இருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நம் மக்களின் காணிக்கையாலேயே நடத்த வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதற்கு முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். பின்னாளில், 1912-இல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கென்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார். தேரிக்காட்டுக் குடிசைகளிலிருந்து வந்த காணிக்கை தெலுங்கு நாட்டு ஊழியத்தைத் தாங்கியது.

---

வெளிச்சம்77 எழுதியது:

பூவரசு அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். புகைப்படம் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கணக்குக்கு என்ன வழி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. நல்ல மனம் இருந்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. பணம் நல்ல மனிதர்களையும் கெடுத்திருக்கிறது.

---

மணப்பாட்டு மீனவன் எழுதியது:

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில் புனித வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினராக இருக்கிறேன். வெளிச்சம் ஐயா கேட்டதற்கு எங்கள் முறை பதிலாகலாம்.

1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசனாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய தோழர்கள் சிலரும் தொடங்கியது இந்தச் சபை. "உங்கள் மதம் இன்று ஏழைக்கு என்ன செய்கிறது?" என்ற தொனியில் சக மாணவர்கள் குத்திக்காட்டியபோது, வாதாடிக்கொண்டிராமல் விறகை எடுத்துக்கொண்டு ஏழை வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து வீடு சந்திப்புதான் எங்கள் முதல் வேலை. உதவி தேவைப்படுகிறவர் எங்களைத் தேடி வர வேண்டியதில்லை. நாங்கள் போவோம். தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது மரபு. இரண்டு பேர் போவதால் ஒருவருக்கொருவர் சாட்சி. அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது.

எங்கள் கூட்டத்தில் இரகசியக் காணிக்கை என்று ஒன்று உண்டு. பை சுற்றி வரும். எல்லாரும் உள்ளே கையை விட்டு எடுப்பார்கள். போட்டவர் எவ்வளவு போட்டார், ஒன்றும் போடாதவர் யார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. மொத்தத் தொகையை எண்ணிக் கணக்கில் எழுதிவிடுவோம். எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போயிற்று என்ற விவரம் எங்கள் குழுவைத் தாண்டாது. கணக்குப் பார்க்கிறவர் மட்டும் பதிவேட்டைப் பார்க்கலாம்.

சொந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குப் போகிறபோதுதான் உண்மையான தேவை தெரியும். கடல் சீற்றத்தில் தொழிலுக்குப் போக முடியாமல் இருந்த ஒரு குடும்பத்துக்கு அரிசி கொண்டுபோனோம். அரிசி அவர்களிடம் இருந்தது. பெரியவருக்குக் கண் புரை முற்றி, அழைத்துப்போக ஆள் இல்லாமல் இருந்தார்கள். மேடையில் கொடுத்திருந்தால் அரிசியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள், அவர் பார்வையும் போயிருக்கும்.

---

செவிலி_வேலூர் எழுதியது:

மீனவர் அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மருத்துவமனை வார்டில் பார்க்கிறேன். பணத்துக்கு எப்படியாவது திட்டம், கடன், காப்பீடு என்று ஏதோ ஒன்று அமைந்துவிடுகிறது. இரவில் நோயாளியின் பக்கத்தில் இருக்க ஆள் கிடைப்பதில்லை. மகன் வளைகுடாவில், மகள் பிரசவத்தில். ஒரு இரவு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க உங்கள் வாலிபர் சங்கத்திலிருந்து யாராவது வருவார்களா? இரத்தம் கொடுக்க வருகிறார்கள், அது சந்தோஷம். ஆனால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

---

சேகரத்து வாலிபன் எழுதியது:

எல்லாரும் சபைக்குள்ளேயே பேசுகிறீர்கள். சபைக்கு வெளியே இருக்கிற ஏழை என்ன ஆவது? எங்கள் நிதியில் "அங்கத்தினருக்கு மட்டும்" என்று விதியே இருக்கிறது. வேறு சிலர் வெளியாருக்குக் கொடுப்பார்கள், கூடவே சுவிசேஷக் கைப்பிரதியும் ஜெப அட்டையும் பையில் போடுவார்கள். கொடுப்பதற்கு இப்படி ஒரு கொக்கி இருந்தால் அதை அன்பு என்று எப்படிச் சொல்வது?

---

மலைநாட்டு வாத்தியார் எழுதியது:

வாலிபரே, இந்தக் கேள்வி நம் திருநெல்வேலித் திருச்சபையோடு கூடவே வளர்ந்தது. கிறிஸ்தவர்களானதால் வீடும் வேலையும் இழந்து துரத்தப்பட்டவர்களுக்காக 1799-இல் முதலூர் உண்டாயிற்று. பிற்பாடு மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தி, ஜனங்களின் காணிக்கையால் நிலம் வாங்கி, இப்படிப்பட்டவர்களைக் குடியமர்த்தினார். சொந்த மக்களைத் தாங்கியது தவறே இல்லை. அவர்களுக்கு வேறு நாதி இருக்கவில்லை. பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பழியும் அன்று தொடங்கியதுதான். அதே காலத்தில் நாசரேத்தில் பஞ்சத்து அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்ததும், 1878-இல் தொழிற்பள்ளி தொடங்கியதும், பிள்ளைகள் நாளை கையேந்தாமல் நிற்க வேண்டும் என்ற நினைப்பில்தான். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கைப்பிரதி விஷயத்தில் நான் உங்களோடு நிற்கிறேன். பசித்தவனுக்கு மறுத்துப் பேச முடியாது. மறுக்க முடியாதவனிடம் ஒன்றைத் திணிப்பது சுவிசேஷம் ஆகாது. கி.பி. 362 வாக்கில், கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் பொருமுகிறான்: இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று. பகைவன் வாயிலிருந்து வந்த அந்தப் புலம்பலைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் சபைக்கு யாரும் தந்ததில்லை.

---

பூவரசு எழுதியது:

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டோமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. சுற்றிலும் தண்ணீர். அந்தப் பயணிகளுக்குப் பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். தங்கள் வீடுகளிலும் வெள்ளம் பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம் அது. ரயிலில் இருந்தவர் என்ன மதம், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய சமாரியன் நம் ஆள் இல்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அந்த வாரம் வீடு இழந்த எங்கள் ஜனங்களுக்குச் சோறு போட்டவர்களில் பாதிப் பேர் வேதம் கையில் எடுக்காதவர்கள். "அங்கத்தினருக்கு மட்டும்" என்ற விதியை அதற்குப் பிறகும் வைத்திருக்க எப்படி மனம் வருகிறது?

---

தேரிக்காடு எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். அவர் ரூத் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். வயல் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமத்தில் உள்ள கட்டளை. அது ஏழையின் உரிமை. வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் அதோடு நிற்கவில்லை. கதிர் பொறுக்க வந்த விதவை ரூத்துக்காக அரிகளில் (அறுத்த கதிர்க் கற்றைகளில்) சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்கிறார். "அவளை ஈனம்பண்ணவேண்டாம்" என்றும் வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறார். ரூத் தன் கையால் பொறுக்கி, தன் உழைப்பென்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். பூவரசு அம்மா எழுதிய நோட்டுப் புத்தகக் கடையை ஐயரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

சேலைக்குப் பதிலாகத் துணிக்கடைச் சீட்டு கொடுக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம்.

---

பூவரசு எழுதியது:

சீட்டு வேண்டாம் அண்ணா. கடையில் எல்லாரும் பணம் நீட்டும்போது ஒருவர் மட்டும் சபை முத்திரை குத்திய சீட்டை நீட்டினால் அதுவும் மேடைதான், கொஞ்சம் சிறிய மேடை. பணமாகவே கொடுங்கள். எதற்குச் செலவழிக்கிறார் என்று பார்க்காதீர்கள். என் அம்மாவுக்கு அந்த ஆண்டுகளில் சேலையைவிடத் தேவைப்பட்டது வட்டிக்காரருக்குக் கொடுக்க ஒரு தவணைப் பணம்.

---

பனையோலை எழுதியது:

மாதக் காணிக்கை உறை எல்லா வீட்டிலும் இருக்கிறதே. அதே உறையில் பணத்தை வைத்து, உபதேசியாரும் (ஐயருக்கு உதவும் சபை ஊழியர்) சங்கத்து அக்கா ஒருவருமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? தெருவில் பார்க்கிறவருக்குச் சபையார் உறை கொண்டுவருகிறார்கள் என்றுதான் தோன்றும். காணிக்கை வாங்க வந்தார்களா, கொடுக்க வந்தார்களா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் சபையின் அசன விருந்தைப் பாருங்கள். முந்தின இரவே ஊரே உட்கார்ந்து காய் நறுக்குகிறது. ஆடு தந்தவரும் அகப்பை பிடித்தவரும் ஒன்றும் தர முடியாதவரும் மறுநாள் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். மற்ற மதத்துச் சொந்தபந்தங்களும் வருகிறார்கள். யார் பெயரையும் வாசிப்பதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாளியிலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. இப்படி ஒன்றை நடத்தத் தெரிந்த சபைக்கு, பத்துச் சேலையைக் கூச்சமில்லாமல் கொடுக்கத் தெரியாமல் போய்விடுமா? கலியாண வீட்டு மொய் நோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததில்தான் கோளாறு.

---

வெளிச்சம்77 எழுதியது:

உறை யோசனை எனக்கும் சரியாகப் படுகிறது. கணக்குக்கு இப்படிச் செய்யலாம். குடும்பங்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த ஏடு ஐயரிடம் மட்டும் இருக்கட்டும். கொண்டுபோகிற இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் கமிட்டிக்காரர்களாக இருக்கக் கூடாது, ஆண்டுதோறும் மாற வேண்டும். சபைக்கு மொத்தத் தொகையையும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் வாசியுங்கள். கமிட்டியாரின் உறவினர் யாராவது பட்டியலில் இருந்தால் வெளியூர் ஐயர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லட்டும். தேவைப்பட்டால் பதிவேட்டின் மாதிரி ஒன்று போட்டு அனுப்புகிறேன்.

கொடுத்தவர்களின் மனவருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அதை ஐயர் பிரசங்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

செவிலி_வேலூர் எழுதியது:

ஒரு சின்ன விஷயம், தலைப்புக்குச் சற்று வெளியே. டிசம்பரில் தர்மம் செய்கிற நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சம்பளம் பிடிக்கிறோமா? யாக்கோபு 5-இல் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. தர்மத்துக்கு முன்னால் அந்தக் கூலி வருகிறது. தேரிக்காடு அண்ணன் உறைகளை எண்ணும்போது கமிட்டியாரிடம் இதையும் கேட்டுவிடுங்கள்.

---

தேரிக்காடு எழுதியது:

நேற்று இரவு கமிட்டி கூடியது. புகைப்படமும் பெயர் வாசிப்பும் இல்லை என்று முடிவாயிற்று. உறை முறையை இந்த ஒரு ஆண்டு செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். வெளிச்சம் ஐயா, அந்தப் பதிவேட்டு மாதிரியை அவசியம் அனுப்புங்கள். அதைச் சொன்ன பிறகுதான் எதிர்த்தவர்கள் இறங்கி வந்தார்கள். "அங்கத்தினருக்கு மட்டும்" என்ற விதியை மாற்றச் சபைக் கூட்டம் கூட வேண்டுமாம், அது ஜனவரியில். சேலைக்குப் பணம் தருகிற குடும்பங்களில் ஒன்று இந்த ஆண்டு தரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

பெண்கள் சங்கத்தில் பிடியரிசியை மறுபடியும் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறேன். இப்போது பாதி வீடுகளில் குக்கரில் ஒரு டம்ளர் அரிசிதான் வைக்கிறார்கள். பனையோலை அக்கா, உங்கள் ஊரில் இந்தக் காலத்துக்கு ஏற்றபடி அளவை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

---

பனையோலை எழுதியது:

அளவு எல்லாம் கிடையாது தம்பி. சமைக்கிறவள் கை எவ்வளவோ அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளை எடுத்துப் போடச் சொல்லுங்கள். கலயம் நிறைய நாளாகும், ஆனால் பிள்ளைகள் மறக்காமல் ஞாபகப்படுத்துவார்கள். அரிசியில் வண்டு விழாமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள். அடுத்த மாதம் உங்கள் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வருகிறேன். சங்கத்துப் பெண்களைப் பார்த்துப் பேச நேரம் வாங்கிவையுங்கள்.